உங்களுக்குத் தெரியுமா? பணமும் சட்டமும்: நாள் கணக்கு

செக் திரும்பிய நாளிலிருந்து...

செக் திரும்பி வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது, கொடுத்தவருக்குப் போன் போடுவது. ‘அடுத்த வாரம் மறுபடி போட்டுக்குங்க’ என்று பதில் வரும். அடுத்த வாரம் அடுத்த மாதமாகும். அதற்குள் சட்டம் கொடுத்த நாள் போய்விடும்.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு மூன்று கெடுக்களில் ஓடுகிறது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட அவருக்கு 15 நாள். கட்டாவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீங்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவை மார்ச் 5-ஆம் தேதி வாங்கினீர்கள், நோட்டீஸ் அவருக்கு 18-ஆம் தேதி கிடைத்தது என்றால், ஏப்ரல் 2 வரை அவருடைய அவகாசம். உங்கள் புகார் மே 2-ஐத் தாண்டக் கூடாது.

புகார் கொடுப்பதில் தாமதமானால் தக்க காரணம் சொல்லி பொறுத்துக்கொள்ளும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். நோட்டீஸுக்கான 30 நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. செக்கின் ஆயுள் மூன்று மாதம். அது முடியாதவரை மீண்டும் வங்கியில் போடலாம். மறுபடி திரும்பினால் புதிதாக 30 நாள் தொடங்கும். முதல் தடவை நோட்டீஸ் அனுப்பாதது இதற்குத் தடையில்லை என்று 2012-ல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான், உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

மெமோவைப் பில் கட்டுக்குள் செருகி வைத்துவிடாதீர்கள். அது எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதைத் தாளின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.

ஒரு கோடி, இரண்டு கோடியானது

செக் ஒரு கோடி ரூபாய்க்கு. திரும்பியது. நோட்டீஸும் போனது. ஆனால் நோட்டீஸில் கேட்டிருந்தது இரண்டு கோடி. தட்டச்சுப் பிழை என்றார்கள். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கில் உள்ள தொகையாகத்தான் இருக்க வேண்டும், பிழை என்று சொல்லித் தப்ப முடியாது என்று சொல்லி, வழக்கு நிற்காது என்ற டெல்லி உயர் நீதிமன்றத்தின் முடிவை உறுதி செய்தது.

கடுமையான தீர்ப்புதான். ஆனால் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு அனுப்பக்கூடிய பிரிவு இது. அவ்வளவு பெரிய விளைவு உள்ள தாளில் தொகை சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை. வட்டியும் வக்கீல் செலவும் கேட்பதாக இருந்தால் தனித் தலைப்பில் கேளுங்கள். செக் தொகை தனியாக, எண்ணிலும் எழுத்திலும் தெளிவாக நிற்கட்டும்.

வெளியூர் பார்ட்டி, உள்ளூர் நீதிமன்றம்

டெல்லியிலோ சூரத்திலோ உள்ள பார்ட்டி கொடுத்த செக் திரும்பினால் அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2015-ல் சட்டம் திருத்தப்பட்டது. செக்கை உங்கள் கணக்கில் போட்டிருந்தால், உங்கள் கணக்கு இருக்கும் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் இருக்கிறதோ அங்கேயே வழக்கு. ஈரோட்டுக் கிளையில் கணக்கு இருந்தால் ஈரோட்டில்தான்.

தொகை எழுதாமல் கொடுத்த செக்

கையெழுத்து மட்டும் போட்டு, தொகையை நிரப்பாமல் ‘செக்யூரிட்டிக்கு’ என்று கொடுப்பது நம் ஊர் வழக்கம். தொகையை நான் எழுதவில்லை என்பது தற்காப்பாகாது. விரும்பிக் கொடுத்த கையெழுத்துள்ள செக் கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் ஊகிக்கும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லை என்று காட்டும் சுமை கையெழுத்துப் போட்டவர் மேல். கடனை அடைத்த அன்றே அந்தச் செக்கைத் திரும்ப வாங்குங்கள்.

சமாதானமாகப் போகிறவர்களுக்கும் ஒரு செய்தி. உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் வழிகாட்டுதலின்படி, எதிர்த்தரப்புச் சாட்சியம் பதிவாவதற்கு முன்பே செக் பணத்தைக் கட்டினால் கூடுதல் செலவுத்தொகை இல்லை. அதன் பிறகு, தீர்ப்புக்கு முன் என்றால் 5 சதவீதம். செஷன்ஸ், உயர் நீதிமன்றக் கட்டத்தில் 7.5 சதவீதம். உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சமாதானமானால் 10 சதவீதம்.

45 நாள்: எழுதாமல் விட்டால் 15

சிறு தொழில் நடத்துகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய சட்டம் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். அதன் 15-வது பிரிவு சொல்வது இது: சரக்கு வாங்கியவர், பேசிய கெடுவுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் எவ்வளவு நாள் போட்டுக்கொண்டாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள்தான்.

‘எங்க கம்பெனியில 90 நாள் கிரெடிட்தாங்க’ என்று பெரிய நிறுவனங்கள் சொல்லும்போது நம்மவர்கள் தலையாட்டுகிறார்கள். நீங்கள் ‘உத்யம்’ என்ற அரசுத் தொழில் பதிவு உள்ள குறு அல்லது சிறு உற்பத்தியாளர் என்றால், அந்த 90 நாளில் கடைசி 45 நாளுக்குச் சட்டத்தில் இடமில்லை.

கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது? சரக்கு ஒப்படைத்த நாளில். வாங்கியவருக்கு ஆட்சேபம் இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஆகவே டெலிவரி சலானில் வாங்கினவருடைய கையெழுத்தும் முத்திரையும் தேதியும் இருப்பது பில்லைவிட முக்கியம். வண்டி டிரைவர் அவசரத்தில் தேதி இல்லாத சலானைக் கொண்டுவந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பித் தேதி போட்டு வாங்குங்கள். பிறகு, இந்தச் சட்டப்படி பாக்கி வழக்குகளைக் கேட்கும் கவுன்சிலில் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான்.

தாமதத்துக்கு வட்டி எவ்வளவு தெரியுமா? ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18 சதவீதம். 5 லட்ச ரூபாய் பில் ஓராண்டு நின்றால் வட்டி மட்டும் 98 ஆயிரத்துக்குப் பக்கத்தில் வரும். ஒப்பந்தத்தில் வட்டி கிடையாது என்று எழுதியிருந்தாலும் இந்த வட்டி உண்டு. கவுன்சில் உங்கள் பக்கம் தீர்ப்பளித்து, அதை எதிர்த்து நீதிமன்றம் போக வாங்கினவர் நினைத்தால், முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

இவ்வளவு பலமான சட்டத்தைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. காரணம் பயம், ஆர்டர் போய்விடும் என்ற பயம். அதில் நியாயம் இருக்கிறது. ஒரே பார்ட்டியை நம்பி முப்பது தையல் மிஷின் ஓட்டுகிறவரிடம் ‘வழக்குப் போடு’ என்று சொல்வது எளிது. அதனால்தான் வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் 1 முதல் வந்த மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய பணத்தைச் சட்டக் கெடு தாண்டியும் தராமல் வைத்திருந்தால், அந்தச் செலவை வாங்கினவர் அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். நீங்கள் வழக்குப் போட வேண்டாம். மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே அவரிடம் கேட்பார்.

இரண்டு எச்சரிக்கை. நடுத்தர நிறுவனங்களுக்கு இந்த வரிப் பாதுகாப்பு இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. தாமதப் பணப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. இது சரியல்ல என்பது என் கருத்து. கடன் சுமையில் மொத்த வியாபாரியும் உற்பத்தியாளரும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள்.

உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற இணையதளம் அரசினுடையது அல்ல. பதிவை இன்றே செய்யுங்கள். சரக்கு கொடுத்த பிறகு பதிந்துகொண்டு பழைய பில்லுக்கு உரிமை கேட்க முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதை மீண்டும் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அது எப்படி முடிந்தாலும், முன்னமே பதிந்தவருக்குக் கவலையில்லை.

330 நாள் என்ற சட்டம், எட்டு ஆண்டு ஓடிய வழக்கு

நொடித்துப்போன நிறுவனங்களை மீட்க 2016-ல் வந்த திவால் சட்டத்தில், வழக்காடும் காலம் உட்பட 330 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பூஷண் பவர் அண்ட் ஸ்டீல் கதை இது: 2017 ஜூலையில் தீர்ப்பாயம் வழக்கை ஏற்றது. ஜேஎஸ்டபிள்யூ ஸ்டீல் கொடுத்த மீட்புத் திட்டத்துக்கு 2019 செப்டம்பரில் ஒப்புதல். 2021 மார்ச்சில் கடன் கொடுத்த வங்கிகளுக்கு 19,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து ஆலையை எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டு ஆலை ஓடியது. 2025 மே 2-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டமே சட்டப்படி செல்லாது, நிறுவனத்தைக் கலைத்துவிடுங்கள் என்றது. ஜூலை 31-ல் அந்த உத்தரவைத் தானே திரும்பப் பெற்றது. செப்டம்பர் 26-ல் வேறு அமர்வு முழுதாகக் கேட்டு, ஜேஎஸ்டபிள்யூவின் திட்டம் செல்லும் என்று முடித்தது.

பெரிய முதலாளிகளின் வழக்கு, நமக்கென்ன என்று இதை விடக் கூடாது. இப்படிப்பட்ட ஒவ்வொரு ஆலைக்கும் போல்ட் கொடுத்தவர், லாரி ஓட்டியவர், கேன்டீன் நடத்தியவர் என்று நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பாக்கி இருக்கும். அவர்களுக்கான விதி வேறு, அதுவும் நாள் கணக்குதான்.

பத்திரிகையில் வரும் அந்தச் சின்ன விளம்பரம்

உங்களுக்குப் பாக்கி வைத்த கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனால், பொறுப்பேற்கும் அதிகாரி மூன்று நாளுக்குள் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு வட்டார மொழிப் பத்திரிகையிலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ‘படிவம் அ’ என்று தொடங்கும், கட்டம் கட்டிய, படிக்கவே கண் வலிக்கும் எழுத்து. அதில் கம்பெனியின் பெயர், அதிகாரியின் முகவரி, பாக்கியைக் கோரக் கடைசித் தேதி மூன்றும் இருக்கும். வழக்கமாக 14 நாள் கெடு. தவறினால் 90 நாள் வரை காரணத்தோடு கொடுக்க இடமுண்டு.

அதையும் விட்டவர்களுக்கு என்ன ஆகும்? திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த நாளோடு, அதில் சேராத பாக்கிகள் எல்லாம் அழிந்துபோகும். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தின் வரிப் பாக்கிக்கே அப்படித்தான் என்று சொல்லிவிட்டது. நம் பில் எம்மாத்திரம்?

வக்கீல் நோட்டீஸுக்குப் பதிலே வரவில்லை, போன் எடுப்பதில்லை என்கிற கட்டத்திலேயே அந்தக் கம்பெனியின் பெயரைத் திவால் வாரிய இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எல்லாப் பொது அறிவிப்புகளும் அங்கே இருக்கின்றன. கோரிக்கைப் படிவத்தோடு பில், சலான், கணக்குப் பேரேட்டுப் பக்கம் வைத்து மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். கட்டணமில்லை.

‘சும்மா ஒரு கையெழுத்துதானே’

மச்சான் தொழில் கடன் வாங்குகிறார். ஜாமீன் கையெழுத்துக்கு நம்மைக் கூப்பிடுகிறார். மறுத்தால் உறவு போகும், போட்டால் வீடு போகலாம். இந்த இடத்தில்தான் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் அடிபடுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு: ஜாமீன்தாரருடைய பொறுப்பு கடன்காரருடைய பொறுப்புக்குச் சமம். முதலில் அவரிடம் வசூல் செய், கிடைக்காவிட்டால் என்னிடம் வா என்று வங்கியிடம் சொல்ல முடியாது. நேரே உங்களிடமே வரலாம். கடன் வாங்கிய கம்பெனி திவால் சட்டத்தில் திட்டம் போட்டுத் தீர்ந்துவிட்டாலும், வங்கிக்கு வராத மீதியை ஜாமீன்தாரரிடம் கேட்கலாம் என்று 2021 மே 21-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனிக்கு விடுதலை, கையெழுத்துப் போட்டவருக்கு இல்லை.

உங்களிடம் இருக்கும் உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓவர்டிராப்ட் போன்ற தொடர் கடனுக்குக் கொடுத்த ஜாமீனை, இனிமேல் எடுக்கப்போகும் தொகைக்குச் செல்லாது என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். தொழிலிலிருந்து விலகிய பங்குதாரர்கள் இதைச் செய்ய மறந்துவிடுகிறார்கள். விலகிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அதே நாளில் வங்கிக்கும் கடிதம் போக வேண்டும். ஏற்கெனவே எடுத்த தொகைக்கான பொறுப்பு மட்டும் நிற்கும்.

சொத்து அடமானத்தில் இருந்தால் அடுத்த கெடு: கடன் வாராக் கடனான பின், அடமானச் சொத்தை எடுக்க இடம் தரும் சர்பேசி சட்டப்படி வங்கி அனுப்பும் நோட்டீஸில் 60 நாள் இருக்கும். அந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். அதன்பின் வங்கி சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. முழுப் பாக்கியைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏலம் நடக்கும் நாள் வரை இருக்கிறது என்று நினைத்து ஏமாறாதீர்கள். ஏல அறிவிப்பு வெளியாவதோடு அந்த உரிமை முடிகிறது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 செப்டம்பர் தீர்ப்பு. விவசாய நிலத்துக்குச் சர்பேசி சட்டம் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெயருக்கு டைரக்டர்

பிரைவேட் லிமிடெட் தொடங்க இரண்டு டைரக்டர் வேண்டும். வீட்டில் அம்மா பெயரையோ மனைவி பெயரையோ போடுகிறோம். கம்பெனி மூன்று ஆண்டு தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் அவர்கள் எல்லோரும் ஐந்து ஆண்டுக்கு எந்தக் கம்பெனியிலும் புதிதாக டைரக்டராக முடியாது. 2017-ல் மத்திய அரசு இப்படி மூன்று லட்சம் பேருக்கு மேல் தகுதிநீக்கம் செய்தது. ஜிஎஸ்டி பாக்கியைக் கம்பெனியிடம் வசூலிக்க முடியாவிட்டால் டைரக்டர்களிடம் கேட்கலாம். தன் கவனக்குறைவால் வந்ததல்ல என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். அடுப்படியில் வைத்து நீட்டப்படும் படிவத்தில் கையெழுத்துப் போடும் பெண்களுக்கு இதை யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நண்பர்களிடம் தொழிலுக்குப் பணம் வாங்கிக் கம்பெனி கணக்கில் போடுகிறீர்களா? டைரக்டரோ அவருடைய உறவினரோ, தான் கடன் வாங்காத சொந்தப் பணம் என்று எழுதிக் கொடுத்துப் போட்டால் தவறில்லை. நண்பரின் பணம் சட்டத்தின் பார்வையில் ‘டெபாசிட்’. அனுமதியின்றி டெபாசிட் வாங்கினால் பொறுப்பானவர்களுக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

நகைக்கடன் மேஜையில்

நகைக்கடன் விதி மாறியிருக்கிறது. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவில் நகைக்கு உரிமைச் சான்று கேட்கும் வாசகம் இருந்தது. பாட்டி போட்ட சங்கிலிக்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் பலத்த எதிர்ப்பு எழுந்தது, அப்போது முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 6-ல் வந்த இறுதி விதிகள் பெரிதும் தளர்ந்திருந்தன. 2026 ஏப்ரல் 1 முதல் கட்டாயம்.

வீட்டுச் செலவுக்கான நகைக்கடனில், 2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. ஒரே தவணையில் முதலும் வட்டியும் கட்டும் கடனில் இந்தச் சதவீதம் வட்டியையும் சேர்த்துத்தான். அதாவது ஒரு லட்சம் மதிப்புள்ள நகைக்குக் கையில் 85 ஆயிரம் வராது. ஆண்டு முடிவில் கட்ட வேண்டிய மொத்தம் 85 ஆயிரத்தைத் தாண்டாதபடி குறைத்துத் தருவார்கள். கல், கூலி, சேதாரம் எதுவும் மதிப்பில் சேராது. முந்தைய 30 நாள் சராசரி விலை, முந்தின நாள் விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு.

மேஜைக்கு முன்னால் உட்காரும்போது இவற்றைக் கவனியுங்கள். நகையை உரசிப் பார்ப்பதும் எடை போடுவதும் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். மொத்த எடை, நிகர எடை, மாற்று, கழித்த கல் எடை எல்லாம் எழுதிய சான்றைக் கேட்டு வாங்குங்கள். நிபந்தனைகளை உங்கள் மொழியில் தர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், அந்த நிறுவனத்தில் வேலை செய்யாத ஒருவர் சாட்சியாக இருக்கும்போது விளக்க வேண்டும்.

பணம் கட்டி முடித்தால் அன்றைக்கே நகை கையில் வர வேண்டும், அதிகபட்சம் ஏழு வேலை நாள். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு நஷ்ட ஈடு. ஏலம் விட்டால் அடிப்படை விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு ஏலம் தோற்றால்தான் 85. கடன் போக மிஞ்சும் பணம் உங்களுடையது. இந்த மிச்சத்தை யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நகை போன சோகத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். போய்க் கேளுங்கள்.

வீட்டுப் பத்திரத்துக்கும் அதே 5,000

வீட்டுக் கடனைக் கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் பத்திரம் திரும்ப வர வேண்டும். 2023 டிசம்பர் முதல், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய். கட்டி முடித்த ரசீதின் தேதிதான் உங்கள் ஆதாரம்.

முன்கூட்டியே அடைத்தால் அபராதமா?

2026 ஜனவரி 1-க்குப் பிறகு வழங்கிய அல்லது புதுப்பித்த, வட்டி மாறும் கடன்களில், தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கியதை முன்னதாக அடைத்தால் கட்டணம் வாங்கக் கூடாது. தனிநபரும் குறு, சிறு நிறுவனமும் பெரிய வணிக வங்கியில் வாங்கிய தொழில் கடனுக்கும் அப்படியே. சிறு நிதி வங்கி, கிராம வங்கி போன்றவற்றில் 50 லட்சம் வரையிலான தொழில் கடனுக்கு இந்த விலக்கு.

கடன் செயலி: ஒரு நாள் யோசிக்கலாம்

செல்போனில் வாங்கிய கடன் வேண்டாம் என்று தோன்றினால், குறைந்தது ஒரு நாளாவது விலகும் அவகாசம் தர வேண்டும். அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டிவிட்டு வெளியே வரலாம், அபராதமில்லை. உங்கள் தொடர்பு எண்களையோ புகைப்படங்களையோ எடுக்க அந்தச் செயலிக்கு உரிமையில்லை. 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் சிறு தொழில் கடனுக்கும் ‘முக்கிய விவரத் தாள்’ கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டி அதில் ஒரே எண்ணாக இருக்கும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமில்லாமல் பிறகு பிடிக்க முடியாது.

வசூலுக்கு வீடு தேடி வந்து மிரட்டுவது, உறவினர்களைத் துன்புறுத்துவது குற்றம். 2025-ல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. மூன்று ஆண்டு வரை சிறை.

சீட்டு

ஏலச் சீட்டு குற்றமல்ல; பதிவு செய்யாத சீட்டுதான் குற்றம். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுத்துறையில் முன் அனுமதி வாங்கித்தான் சீட்டுத் தொடங்க வேண்டும். நடத்துகிறவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். தெரிந்தவர், ஒரே தெரு, கோயில் திருவிழாவில் முன்னால் நிற்பவர் என்பதெல்லாம் பதிவு எண்ணுக்கு ஈடாகாது.

மாதம் 10 சதவீதம், நூறு நாளில் இரட்டிப்பு என்று பணம் திரட்டுவது வேறு ரகம். 2019-ன் முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டத்தில், பணம் போடச் சொல்லி ஆள் சேர்ப்பதே குற்றம், ஒன்று முதல் ஐந்து ஆண்டு சிறை. கமிஷனுக்காக அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துவிட்டவரும் இதில் சிக்குவார். தமிழ்நாட்டில் 1997 முதலே டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொத்தை முடக்கி ஏலம் விட்டுப் பங்கிட்டுத் தரவும் சிறப்பு நீதிமன்றங்கள் உண்டு. ஆனால் அந்தப் பங்கு புகார் கொடுத்தவர் பட்டியலில் இருப்பவருக்குத்தான் எளிதில் கிடைக்கும். ‘புகார் கொடுத்தால் பணம் வராது’ என்று நிறுவனத்து ஆட்கள் சொல்வதை நம்பி, கடைசி ஆளாகப் போகாதீர்கள்.

நாமினி வாரிசல்ல

அப்பாவின் கணக்கில் மூத்த மகன் நாமினி. பணம் அவர் கைக்கு வரும். ஆனால் அது மற்ற வாரிசுகளுக்கும் சேர்த்து வைத்திருக்கும் பணம். பங்குகளுக்கும் இதுவே விதி என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போடலாம், சதவீதம் பிரித்தும் எழுதலாம். லாக்கருக்கு மட்டும் ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான். ஒருவருக்கு மேல் நாமினி போட்டாலும், யாருக்குச் சொத்து என்பதைத் தீர்ப்பது உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான்.

பத்து ஆண்டு தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். ஏழு ஆண்டு வாங்காத டிவிடெண்டும் அதன் பங்கும் மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போகும். போனாலும் உரிமை அழிவதில்லை, கேட்டால் திரும்பும். பல வங்கிகளில் கிடக்கும் பழைய கணக்குகளை ஒரே இடத்தில் தேட ‘உத்கம்’ என்ற இணையதளம் 2023 முதல் இருக்கிறது. இறந்துபோன பெற்றோரின் பெயரை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பங்குச் சந்தையில் நூற்றுக்கு 91

செபியின் ஆய்வு: 2024-25-ல் பங்கு எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நிகர நஷ்டம் ஒரு லட்சத்து 5 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். எதிர்ப்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு, 2025 ஜூலை 3-ல் ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 4,843 கோடி ரூபாயைச் செபி இடைக்கால உத்தரவில் முடக்கியதைப் பாருங்கள். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது. முடிவு எதுவானாலும், வாட்ஸ்அப் குழுவில் வரும் ‘டிப்ஸ்’ஸை வைத்துக்கொண்டு இறங்குகிற களம் அதுவல்ல.

புரோக்கருக்கோ மியூச்சுவல் ஃபண்டுக்கோ யூபிஐயில் பணம் அனுப்பும்போது, 2025 அக்டோபர் முதல் ஓர் அடையாளம் உண்டு. செபியில் பதிவான நிறுவனத்தின் யூபிஐ முகவரியில் ‘@’ குறிக்கு அடுத்து ‘வேலிட்’ என்ற சொல்லும் அதை ஒட்டி வங்கியின் பெயரும் வரும். தனிநபர் பெயரில் உள்ள எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

30 நாள், ஒரு புகார் எண்

வங்கியோ நிதி நிறுவனமோ மேலே சொன்ன விதிகளில் ஒன்றை மீறினால் நேரே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் அந்த வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. இணையத்தில் கொடுக்க முடியாதவர் தபாலில் அனுப்பலாம். எப்படி என்று கேட்க 14448 என்ற இலவச எண் இருக்கிறது. கிளை மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்ன புகாருக்கு எண் கிடையாது. அன்றைக்கு 30 நாள் தொடங்குவதும் இல்லை. ஆகவே ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி, நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.